வழுக்கி விழுந்த காயம்: அறுவைச் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு, கோவை, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் ஈரத் தரையிலோ எண்ணெய் சிந்திய நடைபாதையிலோ வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சட்ட உதவித் தன்னார்வலர்களாகிய எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. வழக்கு என்று வரும்போது உங்கள் தாள்களை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

விழுந்தவுடன் மருத்துவமனையில் என்ன சொல்ல வேண்டும்?

எங்கே விழுந்தீர்கள், எதனால் விழுந்தீர்கள் என்பதை உள்ளது உள்ளபடியே சொல்ல வேண்டும். மற்ற எல்லாப் பதில்களையும் விட இதையே நான் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் பின்னாளில் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதியை அந்த முதல் ஒரு மணி நேரமே தீர்மானித்துவிடுகிறது.

ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்த பெண், துணி அலசும் இயந்திரத்தின் அருகே சோப்பு எண்ணெய் கலந்த நீர் தேங்கியிருந்த இடத்தில் வழுக்கி, இடது இடுப்பு தரையில் மோத விழுந்தார். ஆட்டோவில் கூட வந்த மேஸ்திரி, "வூட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு அம்மிணி, ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் மொதலாளி பாத்துக்குவாரு" என்றார். வலியில் இருந்த அவரும் அப்படியே சொன்னார். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது நாம் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் தாளில், "வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்று ஒரே ஒரு வரி ஏறியது. முதல் அறுவைச் சிகிச்சைக்கு முதலாளி பணம் கட்டினார். மூன்று மாதம் கழித்து, வைத்த கம்பி தளர்ந்து இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோது அவர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அந்த ஒரு வரியை மறுத்து நிறுவுவதற்கு அன்றைய வருகைப் பதிவு, உடன் வேலை செய்த இருவரின் சாட்சியம், ஒரு தம்பி செல்போனில் எடுத்து வைத்திருந்த ஈரத் தரையின் படம் ஆகிய எல்லாவற்றையும் நாங்கள் திரட்ட வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவற்றில் பாதி தேவைப்பட்டிருக்காது.

எனவே, மருத்துவர் கேட்கும்போது இடம், நேரம், காரணம் ஆகிய மூன்றையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள், பதிந்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நகலுக்கும் விண்ணப்பியுங்கள். தவறாகப் பதிவாகிவிட்டது என்று பிறகு தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சை வேண்டாம், நாட்டுக் கட்டுப் போட்டுக்கொள்கிறோம் என்றால் இழப்பீடு கிடைக்குமா?

கட்டுப் போட்டதனால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது உடலைப் பற்றியது. மணிக்கட்டில் விலகாமல் விரிசல் மட்டும் விட்ட எலும்பு மாவுக்கட்டிலேயே சேரக்கூடும், ஆனால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை இல்லாமல் சரியாவதில்லை. அதையும் ஓரிரு நாள்களுக்குள் செய்துவிடுவதே நல்லது. வயதானவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்தால் நுரையீரல் சளிக்காய்ச்சல், படுக்கைப்புண், காலில் இரத்தம் உறைதல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். இரண்டாவது சங்கடம் வழக்கைப் பற்றியது. ஊடுகதிர்ப் படமும் ரசீதும் இல்லாத சிகிச்சையை நிரூபிப்பது கடினம் என்பதோடு, "முறையான சிகிச்சை எடுக்காததால்தான் கால் கோணலாகிவிட்டது" என்று எதிர்த்தரப்பு வாதிடவும் அது இடம் கொடுக்கும். எந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இன்னதென்று எழுதி வாங்கிவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சைச் செலவில் என்னென்ன அடங்கும்? கையில் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

மருத்துவமனை முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் அறுவை அரங்கு, மருத்துவர், மயக்க மருந்து, அறை வாடகை ஆகியவற்றுக்கானதாகவே இருக்கும். உள்ளே வைக்கும் தகடு, திருகு, கம்பி, செயற்கை மூட்டு ஆகியவற்றுக்குத் தனி விலை உண்டு. அவற்றின் உறையில் இருக்கும் ஒட்டுச்சீட்டை மருத்துவக் குறிப்பில் ஒட்டச் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் எழுதியது உடலுக்குள் வைத்ததுதானா என்பதற்கு அதுவே சான்று. இவற்றுக்குப் பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி, ஊன்றுகோல், வாரந்தோறும் ஆட்டோ வாடகை, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் இழக்கும் கூலி, சிலருக்கு ஓராண்டுக்குப் பின் தகட்டை எடுக்கும் இன்னொரு அறுவைச் சிகிச்சை என்று செலவு நீளும். ஆட்டோக்காரரிடம் ரசீது கிடைக்காது என்பதால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், ஜிபே வழியாகக் கொடுத்தால் அந்தப் பதிவே சான்றாகிவிடும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. எலும்பு அறுவைச் சிகிச்சைகள் பலவும் அந்தப் பட்டியலில் உள்ளன. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென உள்ள மையத்தில் பதிந்துகொள்ளலாம். நடக்க முடியாத நிலையில் இதற்காக அலைவதைவிட, நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பதிந்து வைப்பது எவ்வளவோ மேல். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை, சேலம் ஆகிய இடங்களின் அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவைச் சிகிச்சைகள் நாள்தோறும் நடக்கின்றன. 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கு உரியது, பட்டறைக்குள் வழுக்கி விழுந்ததற்கு அது பொருந்தாது.

எனக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள். என்ன கிடைக்கும்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்கள் பங்கு, 3.25 சதவீதம் நிர்வாகத்தின் பங்கு. வேலையின்போது நேர்ந்த காயம் என்றால் சிகிச்சை முழுவதும் இ.எஸ்.ஐ. பொறுப்பு. வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதற்கும் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பயனாகக் கிடைக்கும். இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. நிரந்தரமாகக் குறை தங்கிவிட்டால், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் சம்பாதிக்கும் திறன் இழப்புக்கு ஏற்ப மாதாமாதம் ஒரு தொகை வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண நோய்க்குத் தரும் பயன் இதைவிடக் குறைவு. நிர்வாகம் விபத்து அறிக்கையை அனுப்பாமல் விட்டால், வேலையில் விழுந்தவரும் நோயாளி என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார். ஆகவே அறிக்கை போனதா என்று கிளை அலுவலகத்தில் நீங்களே விசாரியுங்கள், போகவில்லை என்றால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இ.எஸ்.ஐ. பயன் பெறுபவர் அதே காயத்துக்காக முதலாளியிடம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி தனியாகக் கேட்க முடியாது, 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆவது பிரிவிலேயே இந்தத் தடை இருந்தது.

இ.எஸ்.ஐ. இல்லாத விசைத்தறிக் கூடத்திலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்பவர்களுக்கு?

அவர்களுக்கு இருப்பது தொழிலாளர் இழப்பீடு. 1923-ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த சட்டம் இது. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததால், அதற்குப் பிந்தைய விபத்துகளுக்கு அந்தத் தொகுப்பின் இழப்பீட்டு அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். அடிப்படை மாறவில்லை: வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு, முதலாளி தவறு செய்தாரா என்று பார்க்காமலேயே, அவர் பொறுப்பேற்க வேண்டும். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் அவர் திருப்பித் தர வேண்டும்.

தொகை எப்படி வருகிறது என்பதை 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கணக்கால் காட்டுகிறேன். 45 வயதுத் தொழிலாளி, மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரி அறிவிக்கைப்படி கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சம் 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. இதை 45 வயதுக்கு உரிய 169.44 என்ற காரணியால் பெருக்கினால் 15,24,960 ரூபாய். முழுமையான, நிரந்தரமான ஊனத்துக்கு இந்தத் தொகை. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழந்தவருக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3,04,992 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தொகையைச் செலுத்தாவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்க முடியும்.

சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்கள், அதற்குச் சான்றில்லையே என்று கவலைப்படுவார்கள். வாரக் கூலி எழுதிய சிறு நோட்டு, மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷிப்ட் பட்டியல், முன்பணம் வாங்கிய துண்டுச் சீட்டு ஆகிய எதையும் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

"நீ பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்று சொல்லி மறுக்கிறார்கள். அது சரியா?

சரியில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் விழுந்தவரே அதை நம்பிக்கொண்டு வந்து நிற்கிறார். சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டு உரிமையைப் பறிக்காது. குடித்திருந்தது, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொல்லப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே அகற்றியது ஆகியவை மட்டுமே முதலாளி சொல்லக்கூடிய தற்காப்புகள். மரணமோ முழுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இவையும் எடுபடாது. மாறாக, தரையை வழுக்காமல் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. தளம், படி, நடைபாதை ஆகியவற்றில் வழுக்கக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 32-ஆவது பிரிவிலேயே எழுதி வைத்தது. ரப்பர் செருப்பு கேட்டும் தராமல் வெறுங்காலில் ஈரத்தில் நிற்க வைத்த இடத்தில் யார் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை நிர்வாகத்தின் பக்கம்தான் திருப்ப வேண்டும்.

நான் ஒப்பந்தக்காரரின் ஆள். நிறுவனம் "எங்களுக்குத் தொடர்பில்லை" என்கிறது.

தொடர்பு உண்டு. தன் தொழிலின் பகுதியான வேலையைத் தன் இடத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் நிறுவனத்திடமிருந்தே இழப்பீட்டைக் கேட்கலாம். அது பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து வேலை செய்பவர்கள் காயத்தோடு ஊர் திரும்பிவிட்டாலும், தாம் வசிக்கும் பகுதிக்குரிய தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே மனுச் செய்ய முடியும்.

ஊனச் சான்றில் 15 சதவீதம் என்று இருக்கிறது. இழப்பீடும் அதே 15 சதவீதம்தானா?

அவசியமில்லை. உடலில் எவ்வளவு குறை என்பது ஒன்று, அந்தக் குறையால் நீங்கள் செய்துவந்த தொழிலில் எவ்வளவு சம்பாத்தியம் போயிற்று என்பது வேறு. கணுக்கால் முழுதாக மடங்காதவர் மேசையில் கணக்கு எழுதலாம், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே தறி ஓட்ட முடியாது. 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், வேலையிடத்தில் விழுந்து இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு இழப்பாகவே கொள்ளப்பட்டது. அதே தீர்ப்பு, இழப்பீட்டுக் கடன் விபத்து நாளிலேயே பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. ஆகவே மருத்துவரிடம் சான்று கேட்கும்போது உங்கள் வேலை என்ன, எத்தனை நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும் என்பதை விளக்கி, சம்பாதிக்கும் திறன் இழப்பைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

முதலாளி ஆஸ்பத்திரி பில் முழுவதும் கட்டிவிட்டார். இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?

போட வேண்டாம். பில் கட்டிய மனிதரிடம் நன்றி இருப்பது இயல்பு, நம் ஊர்களில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவருக்கொருவர் விசேஷங்களுக்குப் போய் வரும் பழக்கமும் உண்டு. ஆனால் சிகிச்சைக்காகக் கொடுத்த பணத்தை இழப்பீடாகக் கருத முடியாது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. இழப்பீட்டு உரிமையைக் கைவிடுவதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. பேசித் தீர்த்துக்கொள்வதில் தவறில்லை, அப்படித் தீர்த்தால் அந்த உடன்பாட்டை ஆணையரிடம் பதிய வேண்டும். பெண் தொழிலாளர்களுக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பு இருந்துவருகிறது: 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி, பெண்ணுக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்தித்தான் கொடுக்க வேண்டும். கணவர் கையிலோ மாமனார் கையிலோ கொடுத்து முடித்துவிட முடியாது.

வெற்றுத்தாளிலும் முத்திரைத்தாளிலும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். எலும்பு முழுதாகச் சேர்ந்து, இனி இவ்வளவுதான் குணமாகும் என்று மருத்துவர் சொல்லும் வரை எந்தத் தொகையையும் இறுதி என்று ஏற்க வேண்டாம்.

துணிக்கடை, திருமண மண்டபம், திரையரங்கு ஆகிய இடங்களில் விழுந்தால்?

இங்கே கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தரை ஈரமாக இருந்தது, எச்சரிக்கைப் பலகை இல்லை, கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் அளவுக்கு அந்த ஈரம் அங்கே இருந்தது என்ற மூன்றும் தேவை. கண்காணிப்புக் கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால், அதை அழிக்காமல் வைத்திருக்குமாறு அந்த வாரமே ஒப்புகையுடன் தபாலில் எழுதுங்கள். அன்று அணிந்திருந்த செருப்பையும் எடுத்து வையுங்கள், "செருப்புத் தேய்ந்திருந்தது" என்பதுதான் அவர்கள் முதலில் சொல்லும் வாதம்.

பணம் கொடுத்துச் சேவை பெற்றவர் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. உரிமையியல் நீதிமன்றம் என்றால் பொதுவாக 3 ஆண்டுகள். அங்கே வருங்காலச் சிகிச்சைச் செலவு, வலி, வேதனை ஆகியவற்றுக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

மூடாத சாக்கடைப் பள்ளத்தில் விழுந்தால்? பேருந்துப் படியில் விழுந்தால்?

அரசுத் துறை மீது வழக்கென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி 2 மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளுக்கு அவற்றின் சட்டங்களில் உள்ள அறிவிப்பு விதிகளையும் பார்க்க வேண்டும், சில வழக்குகளில் காலக்கெடு ஓராண்டாகச் சுருங்கிவிடும் என்பதால் தாமதிக்க வேண்டாம். பள்ளத்தைப் பக்கத்துக் கட்டடம் தெரியும்படி அன்றே படமெடுங்கள், மறுநாள் மண் போட்டு மூடிவிடுவார்கள். டவுன் பஸ்ஸில் ஏறும்போது ஓட்டுநர் வண்டியை எடுத்ததால் விழுந்தால் அது மோட்டார் வாகன விபத்து. தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

அம்மா சொந்த வீட்டுக் குளியலறையிலேயே விழுந்துவிட்டார். யாரிடம் கேட்பது?

யாரிடமும் இழப்பீடு கேட்க முடியாது, காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்த முதல் 30 நாள் காத்திருப்பு பொதுவாக விபத்துக்குப் பொருந்தாது. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டம் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய், ஒரு கையோ காலோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம் ரூபாய் அதில் கிடைக்கும். அறுவைச் சிகிச்சைச் செலவு அதில் வராது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. எப்போது, எங்கே போவது?

தொழிலாளர் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும், 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம். போகும்போது ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எல்லா ரசீதுகள், சம்பளத்துக்கான ஏதேனும் ஒரு சான்று, ஆதார் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். கட்டோடு இருப்பவரை அலைக்கழிக்க வேண்டாம், முதல் முறை மகனோ மகளோ போனாலே போதும்.